புட்டியும் சுவைச்சொல்லும்: பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

பீர் என்னும் நுரைமதுவைப் பல நாட்டுப் புட்டிகளிலிருந்து சுவைத்துப் பார்த்தல், சுவைத்ததற்கு மதிப்பெண் இடுதல், புட்டி, லேபிள், மூடி ஆகியவற்றைத் தொகுத்து வைத்தல் ஆகிய மூன்றும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகெங்கும் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்தன. தபால்தலை தொகுத்தலும் நாணயம் தொகுத்தலும் ஆய்வுத்துறையினரின் கவனத்தைப் பெற்ற அளவிற்கு இப்பொழுதுபோக்கு கவனம் பெறவில்லை. மது குறித்த ஒழுக்க விவாதம் அதன்மேல் கவிந்திருப்பது இதற்கு ஒரு காரணம் ஆகலாம். ஆயினும் மொழியியல் நோக்கில் இது புறக்கணிக்கத்தக்கதன்று. சுவைத்தல் புலன் சார்ந்த செயல். மதிப்பிடுதல் சொல் சார்ந்த செயல். தொகுத்தல் ஆவணம் சார்ந்த செயல். புலனறிவு சொல்லாகிச் சொல் ஆவணமாகும் நெறியினை இம்மூன்றும் ஒருங்கே காட்டுகின்றன.

இக்கட்டுரை அந்நெறியினைப் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியை, குறிப்பாகக் கஞ்சிக்கோட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டு ஆராய முற்படுகிறது. கஞ்சிக்கோடு வாளையாறுக்கும் பாலக்காட்டிற்கும் இடையில், கோயம்புத்தூர் செல்லும் நெடுஞ்சாலையிலும் இருப்புப்பாதையிலும் அமைந்த ஊர். கேரளத்தின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்று. யுனைடெட் புரூவரீஸ் குழுமத்தைச் சேர்ந்த பீர் ஆலை இங்கு அமைந்தது. கேரளத்தின் கள் தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்யும் சிற்றூர் வட்டம் இதற்குத் தெற்கே உள்ளது. தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் நிலம் இது. பழைய மதுவும் புதிய மதுவும், இரு மொழிகளும், இரு மாநிலச் சட்டங்களும் சில கல் தொலைவிற்குள் எதிர்ப்படும் இடம் என்பதால் இப்பகுதி இவ்வாய்விற்குப் பொருந்துகிறது.

2. பெயர்களே மதிப்பீடுகள்

மதுவிற்கு வழங்கிய பழந்தமிழ்ப் பெயர்கள் பல. அவற்றை ஒருபொருட் பன்மொழி என்று நிகண்டுகள் தொகுத்தன. ஆனால் அடிச்சொற்களை நோக்கின் ஒவ்வொரு பெயரும் ஒரு பண்பினைச் சுட்டி எழுந்தது என்பது புலப்படும். 'தேறு' என்னும் வினை தெளிதலைக் குறிக்கும். அதிலிருந்து பிறந்த தேறல், வண்டல் கீழே தங்கத் தெளிந்து நின்ற மது. 'அரி' என்பது வடித்தெடுத்தலைக் குறிக்கும். அரியல் வடிக்கப்பட்ட மது. பிழி, பிழிந்தெடுக்கப்பட்டது. நறவு மணத்தால் பெயர் பெற்றது. மகிழ் பயனால் பெயர் பெற்றது. கள் என்பது திராவிட மொழிகள் பலவற்றிலும் காணப்படும் பொதுச்சொல்; மலையாளத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அதன் இனச்சொற்கள் உள்ளன. களித்தலைக் குறிக்கும் 'களி' என்பதும் இதனோடு உறவுடையது என்பர்.

இப்பெயர்களை வகைப்படுத்தின் தெளிவு, மணம், செய்முறை, விளைவு என நான்கு அளவுகோல்கள் கிடைக்கின்றன. இன்று பீர் மதிப்பிடுவோர் தோற்றம், மணம், சுவை, வாயுணர்வு, ஒட்டுமொத்த நிறைவு என்று பிரித்து மதிப்பெண் இடுகின்றனர். முன்னதில் மதிப்பீடு பெயருக்குள் அடங்கிக் கிடக்கிறது. பின்னதில் அது பெயரிலிருந்து பிரிந்து தனிப்பட்டியல் ஆகிறது. வடமொழியிலும் இத்தகைய நெறி உண்டு. அர்த்தசாத்திரம் மது வகைகளைக் கூறுமிடத்து அரிசியும் மாவும் கொண்டு ஆக்கப்படும் வகைகளுள் ஒன்றைப் பிரசன்னை என்கிறது. அச்சொல்லின் பொருளும் தெளிவு என்பதே. தெளிந்தது உயர்ந்தது என்னும் கருத்து இரு மரபுகளிலும் பெயராக நிலைபெற்றது நோக்கத்தக்கது.

காலத்தை ஓர் அளவுகோலாகக் கொள்வதும் சங்கப் பாடல்களில் உண்டு. மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைத்த தேறலும், பல நாள் வைக்கப்பட்ட தேறலும் சிறப்பித்துக் கூறப்படுகின்றன. அதன் வன்மையைத் தேளின் கடுப்பிற்கும் பாம்பின் சினத்திற்கும் ஒப்பிட்டனர் புலவர். சுவையை நேரே சொல்லும் சொல் போதாதபோது வேறொரு புலனனுபவத்தைத் துணைக்கழைப்பது இக்காலச் சுவைஞரும் கைக்கொள்ளும் வழியே.

3. பெரும்பாணாற்றுப்படையின் நெல்முளை மது

பீர் என்பது முளைவிட்ட தானியத்தை அடிப்படையாகக் கொண்டு நொதிக்கவைத்த மது. தானியம் முளைவிடும்போது உண்டாகும் நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்க, அச்சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. மரத்திலிருந்து இறக்கும் கள்ளுக்கு இந்த முதற்படி தேவையில்லை. அதன் சர்க்கரை பாளையிலேயே உள்ளது. ஆகவே கள்ளும் பீரும் வேறு வேறு இனம்.

இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்டு நோக்கின், கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைப் பற்றிய பகுதி சிறப்பிடம் பெறும். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி ஆக்குதல், அகன்ற வாயுடைய பிழாவில் இட்டு ஆற்றுதல், நல்ல அடையை அதனோடு கலத்தல், இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிடுதல், வலிய வாயுடைய சாடியில் முதிரவைத்தல், பின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுத்தல் என்று செய்முறை படிப்படியாகக் கூறப்படுகிறது. அடை என்பதற்கு நெல்முளை என்று பொருள் கொள்வர். அதன் தோற்றத்திற்குப் புற்றாஞ்சோறு உவமையாகிறது. முளைத்து வேரோடிப் பின்னிக் கிடக்கும் நெல்லைக் கண்டார்க்கு அவ்வுவமையின் பொருத்தம் விளங்கும். இப்பொருள்கோளை ஏற்பின், இது கள் அன்று. அரிசியால் ஆன பீர் எனலே தகும்.

தோப்பி என்பதும் நெல்லால் ஆக்கிய மதுவைக் குறிக்கும் பெயர். இதே நூலில் அது வீட்டில் ஆக்கிக்கொள்ளும் மதுவாக இடம்பெறுகிறது. அகநானூற்றில் நடுகல்லுக்குப் படைக்கும் பொருளாக வருகிறது. பிற்காலத்தில் இச்சொல் வழக்கிழந்தது. தென்னை, பனைக் கள்ளின் வழக்கு நிலைத்துத் தானிய மது அருகியபோது அதன் பெயரும் மறைந்தது எனலாம். ஐரோப்பியத் தானிய மது இந்நிலத்திற்கு வந்தபோது அதற்கு இடத்தக்க தமிழ்ச்சொல் அகராதியில் இருந்தும் வழக்கில் இல்லை. ஆகவே பீர் என்னும் திசைச்சொல் தடையின்றி நுழைந்தது. பீர் என்ற வடிவம் தமிழுக்குப் புதிதன்று. பீர்க்கினையும், காதல் நோயால் மேனியிற் படரும் பசலையையும் குறிக்கும் பழஞ்சொல் ஒன்று அவ்வடிவினது. இசுலாமிய ஞானியரைக் குறிக்கும் பாரசீகச் சொல்லும் அவ்வடிவினதே. ஈழத்தமிழில் பியர் என்ற வடிவம் வழங்குவதால் இவ்வொப்புமை அங்கு எழுவதில்லை.

4. கலம்: போத்தல், புட்டி, குப்பி

மதுவைவிட மதுவின் கலம் நீண்ட நாள் வாழ்வது. யவனர் நல்ல கலத்தில் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதாக நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாடல் கூறுகிறது. அத்தேறல் மறைந்தது, கலம் கிடைத்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்விலும், 2007 முதல் கேரளத்தின் பட்டணத்தில் நடைபெற்ற அகழாய்விலும் ஆம்போரா எனப்படும் ரோமானியச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மேலைக் கடற்கரைத் துறைமுகங்களையும் கொங்கு நாட்டையும் இணைத்த இயல்பான வழி பாலக்காட்டுக் கணவாயே. கொங்கு நாட்டில் ரோமானிய நாணயங்கள் மிகுதியாகக் கிடைத்தமைக்கும் அவ்வழியே காரணம் என்பர். தொல்லியலாளர் உடைந்த சாடியைக் கொண்டு வணிக வரலாற்றை எழுதுகின்றனர். புட்டி தொகுப்போர் செய்வதும் அதே இயல்பின் சிறுவடிவம்.

கலத்தின் பெயர்களிலும் வரலாறு பதிந்துள்ளது. ஈழத்தில் பெருவழக்காக உள்ள போத்தல், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் காலத் தொடர்பின் எச்சம். தமிழகத்தில் பெருவழக்கான பாட்டில் ஆங்கிலத்தின் வழி வந்தது. புட்டி எழுத்து வழக்கில் நிலைத்தது. பாலக்காட்டுப் பகுதியில் மலையாளத்திற் போன்று குப்பி என்பது பொதுச்சொல். பிற தமிழ் வட்டாரங்களில் குப்பி என்பது சிறு மருந்துக் கலத்தையே பெரிதும் குறிக்கும். ஒரே பொருளை வாளையாறுக்குக் கிழக்கே பாட்டில் என்றும் மேற்கே குப்பி என்றும் வழங்குவர். எல்லைப்புறத் தமிழர் இரண்டையும் அறிவர். எதிரில் இருப்பவரை நோக்கி ஒன்றைத் தேர்வர்.

புட்டியின் வடிவம் காலத்தைக் காட்டும் என்பது தொகுப்போர் முதலில் கற்கும் பாடம். உலோக மூடியைத் தாங்கும் மடிப்புடைய வாய், வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்ற மூடிக்கு உரியது. தக்கை இறுக்கும் வாய் பெரும்பாலும் அதற்கு முந்தியது. கண்ணாடியின் பக்கத்தில் ஓடும் அச்சுத்தழும்பு எவ்வளவு உயரம் செல்கிறது என்பதைக்கொண்டு கையால் ஊதியதா, பொறியால் வார்த்ததா என்று அறியலாம். பழுப்பு நிறம் அழகிற்காக வந்ததன்று. ஹாப் என்னும் கொடியின் பூவிலிருந்து பீரில் சேரும் கைப்புப் பொருள்கள் ஒளி படும்போது சிதைந்து தீநாற்றம் தருவன. பழுப்புக் கண்ணாடி அவ்வொளியைத் தடுக்கிறது. 1870களில் ஹைரம் காட் என்பவர் உருவாக்கிய குண்டடைப்புப் புட்டி தமிழகத்தில் கோலி சோடா என்னும் பெயரில் நிலைபெற்றது. அயல்நாட்டுப் புட்டி ஒன்று சிறுவர் விளையாட்டுப் பொருளின் பெயரால் தமிழாகியது இதன் சிறப்பு.

5. கப்பலிலிருந்து மலைக்கு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனின் போ பகுதியிலிருந்த ஹாட்சன் ஆலையின் பீர் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியாவிற்கு வந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் பயணம் பல மாதங்கள் நீடித்தது. அப்பயணத்தில் பீர் முதிர்ந்து சுவை பெற்றது. 1820களில் பர்ட்டன் நகரத்தின் ஆல்சாப், பாஸ் ஆலைகள் இவ்வணிகத்தில் இறங்கின. அந்நகரின் கிணற்று நீரிலுள்ள ஜிப்சம் வெளிர்நிறப் பீருக்குப் பொருத்தமாயிற்று. இந்தியா பேல் ஏல் என்னும் பெயர் இவ்வாறு எழுந்தது. இந்தியாவின் பெயரைத் தாங்கிய இம்மது இந்தியாவில் பிறந்ததன்று. இங்கிலாந்தில் 1876 சனவரி 1இல் வணிகக்குறிப் பதிவு தொடங்கியபோது முதலில் பதிவான குறி பாஸ் ஆலையின் செம்முக்கோணம். 1882இல் எடுவார் மானே வரைந்த மதுக்கூட ஓவியத்திலும் அம்முக்கோணம் பொறித்த புட்டி இடம்பெற்றது. லேபிள் என்பது பொருளைக் காட்டும் சீட்டு என்னும் நிலையிலிருந்து தனக்கெனப் பார்க்கத்தக்க படைப்பு என்னும் நிலையை அடைந்தமைக்கு இது சான்று.

இந்தியாவில் பீர் ஆக்கும் முயற்சி மலைகளில் தொடங்கியது. குளிர்பதனப் பொறி பரவும் முன்னர் நொதித்தலைக் கட்டுப்படுத்தக் குளிர் நிலம் வேண்டியிருந்தது. வடக்கே கசௌலியிலும் சோலனிலும், தெற்கே நீலகிரியிலும், ஈழத்தில் நுவரெலியாவிலும் ஆலைகள் எழுந்தன. சமவெளியில் குளிர்ச்சிக்கு வேறு வழி தேடினர். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் பின்னர் விவேகானந்தர் இல்லம் ஆயிற்று. 1915இல் தாமஸ் லெய்ஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய ஆலைகள் ஐந்தை ஒன்றிணைத்து யுனைடெட் புரூவரீஸை நிறுவினார். நீலகிரியின் காசில் ஆலை அவற்றுள் ஒன்று. 1947இல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். 2021இல் டச்சு நிறுவனமான ஹைனகென் பெரும்பான்மைப் பங்கினைப் பெற்றது.

நுவரெலியாவின் சிங்கக்குறிக் கறுப்புப் பீர் இவ்வரலாற்றில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1977இல் உலகப் பீர் வழிகாட்டி நூலை வெளியிட்ட ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அதனைப் பாராட்டி எழுதினார். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலைநகர் ஒன்றின் மது, எழுதப்பட்ட மதிப்பீட்டின் வழியே உலகச் சுவைஞரிடம் சென்று சேர்ந்தது. எழுத்துப் பெற்ற சுவை பரவும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு தென்னாசியாவில் அரிது.

6. எல்லைகளும் லேபிள்களும்

கஞ்சிக்கோட்டைச் சுற்றிய நிலம் 1956 வரை இரு ஆட்சிகளுக்கு உட்பட்டிருந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. சிற்றூர் கொச்சி அரசைச் சேர்ந்தது. 1937இல் இராசாசி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுமைக்கும் உரியதாயிற்று. ஆகவே பாலக்காடு அவ்விலக்கினுள் வந்தது. அண்டையிலிருந்த சிற்றூர் அச்சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. கேரள மாநிலம் அமைந்த பின்னும் மலபார்ப் பகுதியில் விலக்கு தொடர்ந்து 1967இல் நீங்கியது. தமிழ்நாட்டில் 1971இல் தளர்ந்து, மீண்டும் விதிக்கப்பட்டு, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமும், 1984இல் கேரள மாநில மதுபானக் கழகமும் தோன்றின. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடை செய்யப்பட்டது. கேரளத்தில் 1996 முதல் சாராயம் தடை செய்யப்பட்டுக் கள் தொடர்ந்தது. இதனால் வாளையாறின் ஒரு புறத்தில் சட்டத்திற்குட்பட்ட பானம் மறுபுறத்தில் குற்றப்பொருள் ஆயிற்று. மலபாரில் விலக்கு நீங்கியதன் பின்னரே கஞ்சிக்கோட்டில் பீர் ஆலை எழ வழியேற்பட்டது.

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மது மாநிலப் பட்டியலுக்கு உரியது. 2017இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியிலும் குடிக்கும் மது சேர்க்கப்படவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வரி விதிப்பதாலும், லேபிளைத் தனித்தனியே பதிவு செய்யக் கோருவதாலும் ஒரே பெயருடைய பீர் பல மாநிலங்களில் பல ஆலைகளில் ஆக்கப்படுகிறது. பெயரும் படமும் ஒன்றாயினும் ஆக்கிய ஊர், விற்பனைக்குரிய மாநிலம், எச்சரிக்கை வாசகம் ஆகியன வேறுபடும். அயல்நாட்டுத் தொகுப்பாளர் பல நிறுவனங்களின் லேபிள்களைத் தேட, இந்தியத் தொகுப்பாளர் ஒரே நிறுவனத்தின் மாநில வேறுபாடுகளைத் தேடலாம். ஏட்டுச்சுவடிகளின் பாடவேறுபாடு போல இவையும் ஒப்பிட்டு ஆராயத்தக்கன.

எச்சரிக்கை வாசகங்களின் மொழி இதற்குச் சான்று. தமிழ்நாட்டு லேபிள்களில் நெடுங்காலம் 'மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்குக் கேடு' என்னும் கருத்தமைந்த வாசகம் இடம்பெற்றது. நாடு, வீடு, உயிர் என்னும் அடுக்கு மதுவைச் சமுதாயத் தீங்காகக் காட்டுகிறது. மதுவிலக்கு இயக்கத்தின் மேடைமொழி அதில் ஒலிக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் 2018இல் மதுபானங்களுக்கான விதிமுறைகளை அறிவித்த பின்னர், உடல்நலக் கேட்டையும் மது அருந்தி வாகனம் ஓட்டாமையையும் கூறும் வாசகம் அவ்விடத்தைப் பெற்றது. சமுதாயத்தை நோக்கிய கூற்று தனிமனிதனை நோக்கிய அறிவுரையாக மாறியது. கேரள லேபிளிலோ 'மத்யபானம் ஆரோக்யத்தினு ஹானிகரம்' என்று வடசொற்கள் நிரம்பிய தொடர் வழங்குகிறது. 'கேடு' என்னும் ஈரெழுத்துச் சொல்லும் 'ஹானிகரம்' என்னும் சொல்லும் ஒரே நெடுஞ்சாலையின் இரு முனைகளில் ஒரே பொருளின்மேல் ஒட்டப்பட்டிருப்பது இரு மொழிகளின் ஆட்சிநடை வேறுபாட்டைச் சுருக்கமாகக் காட்டும்.

7. தொகுப்பின் நெறி

மேலைநாடுகளில் இப்பொழுதுபோக்கு கிளைகளாகப் பிரிந்து தனிப்பெயர்கள் பெற்றது. லேபிள் தொகுத்தலை லேபாலஜி என்பர். பீர்க் குவளையின் கீழ் இடும் அட்டைகளைத் தொகுத்தல் டெஜெஸ்டாலஜி. பாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஆக்கப்பட்டது. அவ்வட்டையை மரக்கூழிலிருந்து ஆக்கும் முறைக்கு டிரெஸ்டனின் இராபர்ட் ஸ்புத் 1892இல் காப்புரிமை பெற்றார். 1935இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் தகரக்குவளைப் பீர் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. 1970இல் அத்தகரக்குவளைகளைத் தொகுப்போருக்கு ஒரு சங்கம் அங்கு அமைந்தது. விளையாட்டாகத் தொடங்கிய செயலுக்கு அறிவியல் துறைகளின் ஈற்றொட்டைச் சூட்டிக்கொள்வது, அதற்கு மதிப்புத் தேடும் முயற்சி எனலாம்.

இந்தியச் சூழலில் தொகுப்பின் நெறி வேறாகிறது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய மதுவின் அளவிற்கு மாநிலச் சட்டங்கள் வரம்பு விதிக்கின்றன. ஒரு மாநில மதுவை மறுமாநிலத்திற்கு அனுமதியின்றிக் கொண்டுசெல்லுதல் பொதுவாகத் தண்டனைக்குரியது. ஆகவே நிறைபுட்டிகளை அடுக்கி வைத்தல் இங்கு இயல்வதன்று. வெறும்புட்டியும் லேபிளும் மூடியுமே தொகுப்பிற்குரியன. அவையும் எளிதில் நிலைப்பதில்லை. இந்தியாவில் பெரிதும் வழங்கும் 650 மில்லிலிட்டர் புட்டி பலமுறை பயன்படுவது. பழைய பொருள் வாங்குவோர் வழியே ஆலைக்குத் திரும்பி, வெந்நீரில் கழுவப்பட்டு, பழைய லேபிள் நீங்கிப் புதிய லேபிள் பெறுகிறது. நீலகிரி மாவட்டத்தில் 2022இல் தொடங்கிய திட்டத்தின்படி புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, வெறும்புட்டியைத் திருப்பியளிக்கும்போது அதனை மீளக் கொடுத்தனர். காட்டு விலங்குகளின் கால்களைக் காக்கும் நோக்குடைய இத்திட்டம் பின்னர்ப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. சுற்றுச்சூழலுக்கு நன்மையான இச்சுழற்சியே லேபிளுக்குப் பகை. புட்டி வாழ லேபிள் அழிகிறது. எழுதியதை அழித்து அதன்மேல் புதிதாக எழுதியது போன்ற நிலை இது.

நூலகங்கள் இத்தகைய தாள்களைச் சேர்ப்பதில்லை. ஆலை மூடப்படின் அதன் ஏடுகளும் எஞ்சுவதில்லை. ஓர் ஊரின் தொழில், சட்டம், விலை, எழுத்துரு, மொழிக்கொள்கை ஆகியவற்றை ஒருங்கே தாங்கிய சிறுதாள் தனியார் தொகுப்பில் மட்டுமே தங்க இயலும். மது அருந்தாதவரும் இத்தொகுப்பை மேற்கொள்ளலாம் என்பது கருதத்தக்கது. சாராயம் கலந்த பானங்கள் புற்றுநோய்க் காரணிகளுள் முதல் வகுப்பைச் சேர்ந்தவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்தியது. ஆவணத்தின் மதிப்பு அதன் உள்ளடங்கிய பொருளின் நன்மையைப் பொறுத்ததன்று.

8. சுவைச்சொற்களின் நிலை

1979இல் மார்ட்டன் மெயில்கார்டும் அவர்தம் உடனாய்வாளரும் பீரின் மணம், சுவை ஆகியவற்றிற்குரிய சொற்களை ஒழுங்குபடுத்தி 14 வகுப்புகளில் 122 சொற்களாகத் தொகுத்தனர். சக்கர வடிவில் அமைந்த அப்பட்டியல் உலக ஆலைகள் பலவற்றின் பொதுமொழியாயிற்று. 2000க்குப் பின் ஆர்வலரிடையே பரவிய ஒரு முறை மணத்திற்கு 10, தோற்றத்திற்கு 5, சுவைக்கு 10, வாயுணர்விற்கு 5, ஒட்டுமொத்தத்திற்கு 20 என 50 மதிப்பெண் வகுத்தது. எனினும் சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. திராட்சை மது குறித்த சொற்களை ஆராய்ந்து 1983இல் நூல் வெளியிட்ட மொழியியலாளர் ஏட்ரியன் லேரர், ஒருவர் எழுதிய வருணனையைக் கொண்டு மற்றொருவர் அம்மதுவை இனங்காண்பது எளிதன்று எனக் காட்டினார். சுவைச்சொல் தகவலைத் தருவதோடு, பேசுவோரிடையே உறவையும் ஆக்குகிறது.

தமிழின் அறுசுவைப் பகுப்பு பீரைச் சொல்லப் பெரிதும் துணைபுரியும். கைப்பும் துவர்ப்பும் தமிழில் தெளிவாக வேறுபட்டவை. ஹாப் பூவினால் வருவது கைப்பு. தானிய உமியிலிருந்து மிகையாக இறங்குவது துவர்ப்பு. பிற மொழிச் சுவைஞர் பயிற்சியால் கற்கும் இவ்வேறுபாட்டைப் பாகற்காயும் நெல்லிக்காயும் உண்டு வளர்ந்த தமிழ்ச்சிறார் இயல்பாகவே அறிவர். நுரை, தெளிவு, மணம், பின்சுவை என்பனவும் புதிதாக ஆக்க வேண்டியன அல்ல. இருந்தும் இச்சொற்கள் பீரைப் பற்றி எழுத்தில் பயன்பட்டது மிகக் குறைவு. இதன் காரணம் மொழியின் குறையன்று. மது பற்றிய பேச்சு இரு எல்லைகளில் மட்டும் நின்றமையே. ஒருபுறம் திருக்குறளின் கள்ளுண்ணாமை முதல் நாராயணகுருவின் 1921ஆம் ஆண்டு அறிவுரை வரை நீண்ட கண்டன மரபு; மறுபுறம் கேலி. குடும்பத்தையும் குடிமையையும் குறித்த 'குடி' என்னும் சொல் பருகுதலைக் குறிக்கும் 'குடி'யோடு வடிவொத்திருப்பதால், குடிமகன் என்ற சொல் தமிழ்நாட்டில் சிலேடையாகத் தேய்ந்தது. கண்டனத்திற்கும் கேலிக்கும் இடையில் விவரித்தல் என்னும் மூன்றாம் நிலைக்கு இடமில்லாது போயிற்று.

அந்த மூன்றாம் நிலை முற்றும் இல்லாத ஒன்றன்று. அது எழுதாக் கிளவியாகச் சிற்றூர் வட்டத் தென்னந்தோப்புகளில் உள்ளது. இளங்கள், அந்திக்கள், மதுரக்கள், மூத்தகள் என்று மலையாளத்திலும் எல்லைப்புறத் தமிழிலும் வழங்கும் பெயர்கள் இறக்கிய பொழுதையும், புளிப்பேறிய அளவையும், இனிப்பின் எச்சத்தையும் சுட்டுவன. கள் சில மணி நேரத்தில் தன் இயல்பு மாறும் பானம். ஆகவே அதன் மதிப்பீடு காலத்தையே அடிப்படையாகக் கொண்டது. புட்டியில் அடைத்துக் வெந்நீரால் பதப்படுத்திய பீர் பல மாதம் மாறாதிருக்க வேண்டியது. அதன் மதிப்பீடு ஒருமைத்தன்மையை நாடுவது. முன்னது நேரத்தின் சொற்கோவை. பின்னது அளவையின் சொற்கோவை. இரண்டும் கணவாயில் அருகருகே வாழ்கின்றன. ஒன்று சக்கரமாக வரையப்பட்டு உலகெங்கும் பயிலப்படுகிறது. மற்றது மரமேறும் தொழில் குறையக் குறைய அகராதி ஏறாமலே மறைந்துகொண்டிருக்கிறது.

இவ்விடத்தில் நீர் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். பீரில் ஒன்பதில் எட்டுப் பங்கிற்கும் மேற்பட்டது நீரே. ஆலையின் கழுவுதல், குளிர்வித்தல் ஆகியவற்றிற்கும் நீர் வேண்டும். சிற்றூர் வட்டத்துப் பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய குளிர்பான ஆலை, நிலத்தடி நீர் குறித்த போராட்டத்தின் விளைவாக 2004இல் நின்றது. கஞ்சிக்கோட்டிற்கு அண்மையிலுள்ள எலப்புள்ளியில் மது ஆலைக்கு 2025 சனவரியில் கேரள அமைச்சரவை முன்னனுமதி வழங்கியபோதும் நீரே விவாதப் பொருளாயிற்று. பர்ட்டன் நகர நீரின் தன்மையைச் சுவைஞர் புகழ்ந்து எழுதுவர். மழைமறைவு நிலத்தின் நீர்க்கணக்கு எந்த மதிப்பெண் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. லேபிளில் ஆலையின் முகவரி உண்டு. ஆற்றின் பெயர் இல்லை.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பழந்தமிழ் மதுப்பெயர்கள் தெளிவு, மணம், செய்முறை, விளைவு என்னும் அளவுகோல்களைத் தம்முள் கொண்ட மதிப்பீட்டுச் சொற்கள். நெல்முளை கொண்டு மது ஆக்கும் முறை பெரும்பாணாற்றுப்படைக் காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. அதன் பெயர் வழக்கிழந்ததால் பீர் என்னும் சொல் எளிதில் இடம்பெற்றது. மாநிலந்தோறும் மாறும் மதுச்சட்டம் இந்திய லேபிள்களைப் பாடவேறுபாடுகள் நிறைந்த ஆவணங்களாக்கியது. புட்டியின் மறுசுழற்சி அவ்வாவணங்களை விரைந்து அழிக்கிறது.

லேபிள்களைத் தொகுப்போரின் உழைப்பு, தேதியும் இடமும் குறிக்கப்பெறின், வரலாற்றிற்குப் பயன்படும். குறிப்பின்றி அடுக்கிய புட்டிகள் அலங்காரமாகவே எஞ்சும். அதனினும் விரைந்து செய்யத்தக்கது கள்ளிறக்குவோரின் சுவைச்சொற்களை அவர்தம் வாய்மொழியில், பொழுதும் மரமும் குறித்து, இரு மொழி வடிவங்களோடும் பதிவு செய்தல். தோப்பி என்ற சொல்லுக்கு இன்று உரை தேவைப்படுகிறது. அந்திக்கள் என்ற சொல்லுக்கு உரை தேவைப்படும் காலம் வருமுன் அதனைச் சொல்வோரிடமே கேட்டு எழுதிவைத்தல் அகராதியியலின் கடமை.